இல்லாத பையனுக்கு ஒரு லேப்டாப்

பல் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பல் வலியே கிடையாது. வலி எப்போதும் வேறு யாருக்கோதான். "என் ஃப்ரெண்டுக்கு ஒரு பல்லு ஆடுது" என்பார்கள். "ஆபீஸ்ல ஒருத்தருக்குக் கன்னம் வீங்கியிருக்கு, பிடுங்கினா வலிக்குமான்னு கேக்கச் சொன்னாரு" என்பார்கள். அந்த ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் தலை நரைக்கிற அளவுக்குக் காலம் தள்ளியவள் நான். எனக்கா தெரியாது?

"உங்க ஃப்ரெண்டைக் கொஞ்சம் வாயைத் திறந்து மூச்சை உள்ள இழுக்கச் சொல்லுங்க. சுருக்குங்குதான்னு பாப்போம்" என்பேன்.

மறுமுனையில் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கேட்கும். அப்புறம், "சுருக்குங்குதாம்" என்று பதில் வரும்.

ஃபோனை வைத்துவிட்டு நானும் டாக்டரம்மாவும் சிரிப்போம். "வலிக்குதுன்னு சொல்ல என்ன வெக்கம் இந்த ஜனங்களுக்கு? பல்லு எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று நான் பெரிய மனுஷி மாதிரி தீர்ப்புச் சொல்வேன். ஊருக்குத்தானே உபதேசம். எனக்கு என்று வந்தபோது நான் அடித்த கூத்தைக் கேட்டால், அந்த ஃப்ரெண்டுகள் எல்லாரும் வரிசையில் நின்று கை கொட்டிச் சிரிப்பார்கள்.

வினை, எதிர்ச் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தில் ஆரம்பித்தது. முன்பு அந்த இடத்தில் ஒரு பெரிய பல்லின் படம் இருந்தது. அதன் குறுக்குவெட்டைப் பார்த்து ஒரு ஆள் மயங்கி விழுந்ததால், டாக்டரம்மா அதைக் கழற்றிவிட்டு வரைபடத்தை மாட்டினார். நோயாளிகள் அதைப் பார்த்தார்களோ இல்லையோ, நான் பார்த்தேன். எனக்குப் பார்க்க வேறு என்ன இருந்தது? ஒரு ஆறு நேராகப் போய்க்கொண்டே இருந்து, ஒரு இடத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி சட்டென்று திரும்பிப் போகிறது. அது ஏன் அங்கே திரும்புகிறது? இந்தக் கேள்வி எனக்குள் புகுந்துகொண்டது. ஒரே மலையில் ஒரு பக்கம் மழை கொட்டுகிறது, மறுபக்கம் பொட்டல். அது ஏன்? சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் சமையல் வீடியோ பார்க்கும் நேரத்தில், நான் ஆற்று வண்டல் பற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் ஒருநாள், வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு கல்லூரியில் வார இறுதி வகுப்புகள் நடக்கின்றன, அதில் புவியியல் பட்டப்படிப்பும் உண்டு என்று கண்ணில் பட்டது. விண்ணப்பித்தேன். இடம் கிடைத்துவிட்டது. என் அறிவைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று இரண்டு நாள் மிதந்தேன். ஆள் சேராமல் இடம் காலியாகக் கிடந்தது என்று பிறகு தெரிந்தது. நான் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். படிக்கக் கூடாது என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை, படிக்கிறேன் என்று நானும் கேட்கவில்லை. இதில் சோகக் கதையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் இல்லை. வீட்டுக்காரரிடமும் இல்லை. முதல் வகுப்பு முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு முதல் வருஷம் பாஸானதும் சொல்லலாம் என்று தோன்றியது. யோசிக்க யோசிக்க, பட்டம் வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டிய பிறகு சொல்வதே நல்லது என்று பட்டது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். எனக்கு ஐம்பதுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஆனால் அந்தக் கணக்கெல்லாம் சிரிக்கிறவர்களிடம் செல்லுமா?

அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. ஒவ்வொருவரும் சொந்த லேப்டாப் கொண்டுவர வேண்டும். வரைபடம் போடும் மென்பொருள் ஓடவேண்டும் என்பதால், ரேம் பதினாறு ஜிபிக்குக் குறையக் கூடாது. அந்த வாரச் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை முதல் வகுப்பு. ஒரு வளையல் வாங்கலாம் என்று நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம் இருந்தது. அதற்குள் லேப்டாப் அடங்க வேண்டும்.

ஃபோன் கடைகளும் கம்ப்யூட்டர் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் தெரு எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. அதில் கண்ணாடி குறைவாகவும் கூட்டம் குறைவாகவும் இருந்த ஒரு கடைக்குள் நுழைந்தேன். உள்ளே ஒரு தம்பி, கைக்குட்டையை இடது கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, வலது பக்கமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். 'கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிப் பல்' என்று என் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பழக்க தோஷம்.

"வாங்க மேடம். பையனுக்கா, பொண்ணுக்கா?"

கேள்வி அவ்வளவுதான். மூன்றாவதாக ஒரு பதில் இருக்கக்கூடும் என்பதற்கு அதில் இடமே இல்லை. பக்கத்தில் இரண்டு இளவட்டங்கள் ஹெட்ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காதோரம் நரை. கையில் காய்கறிப் பை வேறு. நாக்கு என்னைக் கேட்காமலே வேலை செய்தது.

"பையனுக்கு."

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை நினைத்து அழுத காலம் ஒன்று இருந்தது, அது முடிந்து வெகுநாளாகிறது. ஆகையால் யாரும் உருகிவிட வேண்டாம். அந்தப் பொய் ஏக்கத்தில் வரவில்லை. அசல் வெட்கத்தில் வந்தது.

"என்ன வயசு மேடம்?"

"பதினெட்டு."

பெற்றது பெற்றேன், வளர்த்தே விட்டேன்.

"என்ன கோர்ஸ்? இன்ஜினியரிங்கா?"

"ஜியாகரஃபி" என்றேன்.

கடைத்தம்பி கைக்குட்டையை எடுத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏன் மேடம், மார்க் கொஞ்சம் கம்மியா?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ தெரியவில்லை. காய்கறிப் பையைக் கவுண்டரின் மேல் தொப்பென்று வைத்தேன்.

"மார்க்குக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்? அவனுக்குப் பிடிச்சிருக்கு, படிக்கறான். தண்ணி எந்தப் பக்கமா ஊருக்குள்ள வரும், எந்த மண்ணு சரியும், எங்க வீடு கட்டக் கூடாதுன்னு நாலு பேராவது தெரிஞ்சு வச்சிருக்க வேணாமா? எல்லாரும் இன்ஜினியராப் போயி எங்க கட்டுவீங்க, ஆத்துக்குள்ளயா?"

"இல்ல மேடம், வேலை கெடைக்கறது..."

"கெடைக்கலைன்னா போகட்டும்! அவன் சோத்துக்கு உங்கிட்டயா வந்து நிக்கப் போறான்? மனசுக்குப் பிடிச்சதைப் படிக்கறதுக்கு ஒரு வயசு..." என்று தொடங்கியவள் அங்கேயே நின்றேன். அந்த வாக்கியத்தை முடித்தால் என் கழுத்துக்கே சுருக்கு என்று தெரிந்தது.

ஹெட்ஃபோன் இளவட்டங்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைத்தம்பி மெதுவாகச் சொன்னார்: "குடுத்து வச்ச பையன் மேடம். எனக்காக எங்க வீட்ல ஒருத்தர் இப்படிச் சண்டை போட்டிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்காகவும் இதற்கு முன் யாரும் இப்படிச் சண்டை போட்டதில்லை. இப்போதும், இல்லாத ஒரு பையனின் பெயரைச் சொல்லி, நானேதான் போட்டிருக்கிறேன். கடைத்தம்பி பதறிப்போய், லேப்டாப் திரை துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்து நீட்டினார். அதில்தான் மூக்கைச் சிந்தினேன்.

அதன் பிறகு அவர் உண்மையான அக்கறையோடு காட்டினார், குறை சொல்லக் கூடாது. முதலில் வெள்ளி நிறத்தில், முறுக்கினால் முறிந்துவிடும் போல மெலிசாக ஒன்று. விலை கைக்கு அடக்கம். "ஆனா ரேம் எட்டுதான். ரேம்ங்கறது மேசை மாதிரி மேடம். சின்ன மேசையில பெரிய மேப்பை விரிச்சா ஓரமெல்லாம் கீழ தொங்கும். இதுல பின்னாடி கூட்டிக்கவும் முடியாது" என்றார். எனக்குப் புரிந்தது. அடுத்தது கறுப்பாக ஒன்று. ஏதோ அலுவலகத்தில் ஓடி, திரும்பி வந்து, புது பேட்டரியும் பதினாறு ஜிபி ரேமும் போட்டு, வாரண்டியோடு நிற்கிறது. பளபளப்பு இல்லை, படம் இல்லை, ஒன்றுமில்லை. கணக்குப்பிள்ளையின் முகம். சும்மா விரலை வைத்துப் பார்த்தேன். விசைகள் என் மேசையில் இருக்கும் கீபோர்டு மாதிரியே அமுங்கி எழுந்தன. தூக்கிப் பார்த்தேன், கனமும் இல்லை. மனசுக்குள், இதுதான் என்று முடிவாகிவிட்டது.

"இது நல்ல பீஸ்தான் மேடம். ஆனா காலேஜுல இதைத் தூக்கிட்டுப் போனா அவனை எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. அந்த வயசு அப்படி."

கிண்டல் என்று கேட்டதுமே கறுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதானே நான் ஒரு பிள்ளையைப் பெற்று கவுண்டரில் நிறுத்தியிருக்கிறேன்.

மூன்றாவதை அவர் இரண்டு கைகளாலும் எடுத்து வந்தார். கடை முகப்பில் காட்சிக்கு வைத்திருந்தது, போன வருஷத்து மாடல் என்பதால் விலையை இறக்கியிருந்தார்கள். விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்தது. மூடியில் கழுகோ பல்லியோ ஒன்று சிறகை விரித்திருந்தது. திறந்ததும் விசைகளுக்கு அடியில் சிவப்பு, பச்சை, ஊதா என்று வெளிச்சம் ஓடியது. "பையன் இதைப் பாத்தா உங்களை விடவே மாட்டான் மேடம்."

இல்லாத பையனின் சந்தோஷத்துக்காக, இருக்கிற பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

"பிடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள பையனையே கூட்டிட்டு வாங்க. அவன் கையால ஓட்டிப் பாத்து எது வேணுமோ மாத்திக்கட்டும்" என்றார் கடைத்தம்பி. அவனை எங்கிருந்து கூட்டிக்கொண்டு வருவேன்?

வீட்டில் ஒளிக்க முடியாது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எந்த மோட்டார் எந்தச் சத்தத்தில் ஓடினாலும், பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்புகிற ஆள். மிக்ஸியின் சத்தம் மாறியதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர். அதனால் லேப்டாப் ஆஸ்பத்திரியிலேயே, என் மேசைக்கு அடியில், பஞ்சு வரும் அட்டைப்பெட்டியில் குடியேறியது.

மறுநாள் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, மேசைக்கு அடியிலேயே வைத்துத் திறந்தேன். கல்லூரி அனுப்பிய மென்பொருளை ஏற்றினேன். ஏறியது! ஒரு ஆற்றின் வரைபடத்தைத் திறந்தேன். மேடு பள்ளமெல்லாம் நிறம் நிறமாக விரிந்தது. எதிர்ச் சுவரில் இத்தனை காலம் பார்த்த அதே திருப்பம். அந்த இடத்தில் கீழே கடினமான பாறை, ஆற்றால் அதை அறுக்க முடியவில்லை, சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. நாற்பது தாண்டிய பிறகு இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குள் மேசைக்கு அடியிலிருந்து 'ஸூஊஊஈஈ' என்று ஒரு சத்தம் கிளம்பியது. மெதுவாகத் தொடங்கி, ஏறி, உச்சத்தில் போய் நின்றுகொண்டது. லேப்டாப்பின் காற்றாடி. பல்லைக் குடைகிற மெஷினுக்கும் அதற்கும் அணுவளவு வித்தியாசம் இல்லை.

காத்திருந்தவர் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "உள்ள யாருக்கோ பண்றாங்களா?" என்றார். உள்ளே யாரும் இல்லை என்று அவருக்கும் தெரியும். "வண்டியைத் தப்பான எடத்துல நிறுத்திட்டேன்" என்று எழுந்து போனவர்தான், இன்றுவரை நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "என்ன சத்தம் அது? நான் இன்னும் மெஷினைக் கையிலயே எடுக்கலையே!"

"தெரிஞ்சவங்க பையனோட லேப்டாப், டாக்டர். ரிப்பேருக்குக் குடுக்கணும்."

பெற்ற பிள்ளையை ஒரே நாளில் தத்தும் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா அடியில் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் சிவப்பு, பச்சை, ஊதா ஓடியது. "சீக்கிரம் குடுத்துடும்மா. இருக்கற பேஷன்ட்டும் ஓடிடப் போறாங்க" என்றார்.

காற்றாடி மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சார்ஜ் கம்பியை உருவினால் ஒரு மணி நேரத்தில் கண்ணை மூடிவிடுகிறது. பஸ்ஸில் எப்படித் தூக்கிப் போவது என்று பார்க்க, ஒருநாள் பையில் போட்டு வீடுவரை சுமந்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. வாசலில் வீட்டுக்காரர் பையை வாங்கி, "உள்ள என்ன, செங்கல்லா?" என்றார்.

"ஆஸ்பத்திரி பழைய ஃபைலு."

"பல்லுக்கா இவ்ளோ ஃபைலு?" என்று கேட்டுவிட்டு, ஓரமாக வைத்துவிட்டார். அன்று இரவு முழுக்க அவர் அந்தப் பையின் பக்கம் தலையைத் திருப்பிவிடுவாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முடிவு செய்துவிட்டேன். போதும். நமக்கு எதற்கு இந்த வயதில் இந்த விபரீத ஆசை? லேப்டாப் சரியில்லை, அதனால் படிக்க முடியவில்லை. எவ்வளவு கௌரவமான காரணம்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கல்லூரி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன்.

"ஒரு சீட்டை கேன்சல் பண்ணணும். ஜியாகரஃபி, வீக்எண்ட் கிளாஸ்" என்றேன்.

"யாருக்கு மேடம்?"

"தெரிஞ்சவங்களுக்கு."

"அவங்களையே பேசச் சொல்லுங்க மேடம். நாளைக்கு கிளாஸ் ஆரம்பிக்கற வரைக்கும் டைம் இருக்கு."

ஃபோனை வைத்தேன். அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைப் போலவே பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்திருப்பாள் என்று தோன்றியது. 'தெரிஞ்சவங்களுக்காம்.'

ஃபோனை வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை, அதே ஃபோன் அடித்தது.

"மேடம், என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்குப் பல்லு வலி. கீழ, இடது பக்கம். ராத்திரியெல்லாம் தூங்கலையாம்..."

குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று யோசிக்கும்போதே, "கடைசிப் பல்லா?" என்று வாய் கேட்டுவிட்டது.

"ஆமா மேடம்! எப்படி மேடம்?"

எப்படியா? கைக்குட்டையோடு பார்த்தேனே! "உடனே வரச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு பையன் இருப்பதாக நம்பும் ஒரே ஆள், எனக்குப் பையனே இல்லை என்று தெரிந்த டாக்டரம்மாவிடம் வந்துகொண்டிருக்கிறார்.

கழிப்பறைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று நான் எழுந்தபோதே கதவு திறந்தது. கடைத்தம்பிதான். கன்னம் பன்னாக வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த வீக்கத்தோடேயே முகம் மலர்ந்தது.

"மேடம்! நீங்களா! இங்கதான் வேலையா? லேப்டாப் எப்படி ஓடுது? பையனுக்குப் பிடிச்சிருந்ததா?"

டாக்டரம்மா அறை வாசலில் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். "பையனா? யாரோட பையன்?"

"மேடமோட பையன்தான் டாக்டர். ஜியாகரஃபி படிக்கப் போறானே. அன்னைக்கு அவனுக்காக என்னைக் கடையிலயே உண்டு இல்லைன்னு பண்ணிட்டாங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் மேசைக்கு அடியில் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு ஏது பையன்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரம் கடத்தப் பார்த்தேன். தம்பியிடம், "பல்லு வலி உங்க ஃப்ரெண்டுக்குன்னுதானே சொன்னீங்க? அவர் எங்க?" என்று கேட்டேன். எங்கள் இடத்தில் எல்லாரையும் மடக்குகிற கேள்வி. வழக்கமாகக் கழிவறை எங்கே என்பார்கள், ஃபோன் வந்துவிட்டது என்பார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, கூச்சத்தோடு சிரித்தார். "நான்தான் மேடம் அது. பயம். அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். கூரை இடிந்து விழவில்லை. டாக்டரம்மாகூடச் சிரிக்கவில்லை. அந்தத் தம்பியின் வீங்கின கன்னத்தைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் இந்த மேசையில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. வெட்கமாக இருந்தது. வேறு வகை வெட்கம்.

"அந்தப் பையனும் நான்தான்பா" என்றேன். "காலேஜுல வீக்எண்ட் கிளாஸ்ல சேந்திருக்கறது நான். ஜியாகரஃபி எனக்கு. கிண்டல் பண்ணுவாங்கன்னு பயந்து பொய் சொன்னேன்."

கடைத்தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. "அப்போ... அன்னைக்கு நீங்க திட்டினது..."

"ஆமா. எனக்காகத்தான்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "ஏம்மா, அந்தச் சத்தத்தால ஒரு பேஷன்ட்டை விரட்டினியே, அதுக்கு உன்னை நான் சும்மா விடப் போறதில்லை. சனிக்கிழமை கிளாஸா? அப்போ சனிக்கிழமை ஃபோனை நான் எடுக்கறேன். போ." அவர் குரல் கடுமையாக இருந்தது. பிறகு வரைபடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் அதை விலை கம்மின்னு வாங்கி மாட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே தம்பியை உள்ளே கூட்டிப்போனார்.

சாயந்தரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். வாரம் இன்னும் முடியவில்லை. கடைத்தம்பியின் வாயில் பஞ்சு. பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. பல்லைப் பிடுங்கியதில் எனக்குக் கிடைத்த லாபம் அதுதான், விற்பனைக்காரரால் விற்க முடியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லிக் கை காட்டினார். நான் கேட்காமலே அந்தக் கறுப்பு லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பத்து விரலையும் வைத்து அடித்துப் பார்த்தேன். ஆற்றைத் திறந்தேன். திறந்தது. காது வைத்துக் கேட்டேன், மூச்சுச் சத்தம்கூட இல்லை. மடியில் வைத்தேன், தூக்கிப் பார்த்தேன், சார்ஜ் கம்பியை உருவிவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். வாய் பேசாத கடைக்காரரிடம் வாங்குவது போல சுகம் உலகத்தில் வேறில்லை. விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அவர் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: 'சாரி மேடம். ஜியாகரஃபி நல்ல சப்ஜெக்ட்.'

மிச்சம் இருந்தது வீட்டுக்காரர்.

சாப்பிட்டு முடித்ததும், கறுப்பு லேப்டாப்பை அவர் முன்னால் மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கழுகுப் பல்லியை, காற்றாடியை, பதினெட்டு வயதில் பிறந்த பிள்ளையை. அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். நான் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே கண்முன் நடந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் உங்ககிட்ட சொல்லலை. சிரிப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சிரிச்சிருப்பேன்தான்" என்றார். "சிரிச்சு முடிச்சிட்டு, கூடவே கடைக்கு வந்திருப்பேன். அந்த ஃபேன் சத்தத்தைக் கேட்டு, இது வேணாம்னு அங்கயே சொல்லியிருப்பேன். செங்கல்லை நீ தனியாத் தூக்கிட்டு அலைஞ்சிருக்க வேணாம்." பிறகு, "இல்லவே இல்லாத ஒரு பையன் பேரைச் சொல்லிக் கடைக்காரர்கிட்டப் பேசியிருக்கே. என்கிட்ட சொல்லலை" என்றார்.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, ஆறு திரும்புகிற இடத்தைத் திறந்து காட்டினேன்.

சனிக்கிழமை பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். கனமே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் தரவில்லை. கல்லூரி வாசலில் நல்ல கூட்டம். வழக்கமான மாணவர்களுக்கும் அன்றைக்குத்தான் சேர்க்கையாம். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட அப்பா அம்மாக்கள் மரத்தடியில் போட்டிருந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் காவலாளி எங்கள் இருவரையும் கை காட்டி நிறுத்தினார்.

"பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் உக்காருங்க. உள்ள விட மாட்டாங்க. யாரைச் சேக்க வந்திருக்கீங்க? பையனா, பொண்ணா?"

நாக்கு பழைய வழியிலேயே புறப்பட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"நான்தான் ஸ்டூடன்ட்" என்றேன். "இவரை வேணும்னா அங்க உக்கார வைங்க."

காவலாளி என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்துவிட்டு வழி விட்டார். வீட்டுக்காரர் பையை என் தோளில் மாட்டி, வாரைச் சரிசெய்துவிட்டு, மரத்தடிக்குப் போய் இரண்டு அப்பாக்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தார். நான் படியேறிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு அப்பா அவரைக் கேட்பது காதில் விழுந்தது.

"உங்களுக்கு என்ன சார், பையனா, பொண்ணா?"

"பொண்டாட்டி" என்றார் அவர், எனக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.